சனகெரிப்பின் பட்டகம் எதை நிரூபிக்கிறது?

கேள்வி: எங்கள் சபையில் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியராக இருக்கிறேன். எசேக்கியா ராஜாவோடு போரிட வந்த சனகெரிப்பின் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, அது பைபிளை அப்படியே நிரூபிக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகனோ அதே கல்வெட்டைக் காட்டி, பைபிள் சொல்வது கட்டுக்கதை என்கிறான். பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்வது? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: காணொளி எடுத்தவரும் சரி, உங்கள் மகனும் சரி, அந்த எழுத்தை முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. பைபிளில் அந்தப் பகுதியையும் முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. தங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஏனென்றால், பைபிள் சம்பவங்களில் இவ்வளவு சாட்சிகளோடு நமக்குக் கிடைத்திருப்பவை மிகச் சில.

நடந்தது இதுதான். கி.மு. 705-ல் அசீரியாவின் அரசன் சர்கோன் போர்க்களத்தில் செத்தான். உடலைக்கூட மீட்க முடியவில்லை. அதுவரை கப்பம் கட்டிவந்த சிறிய நாடுகள் பல துணிந்து எழுந்தன. எருசலேமிலிருந்து ஆண்ட யூதா நாட்டின் அரசன் எசேக்கியாவும் கப்பத்தை நிறுத்தினான். கி.மு. 701-ல் சர்கோனின் மகன் சனகெரிப் பெரும்படையோடு வந்தான்.

நீங்கள் கல்வெட்டு என்பது உண்மையில் ஆறு பட்டை கொண்ட களிமண் பட்டகம். லண்டனில் இருப்பது 38 செ.மீ. உயரம்தான். இதே வரலாற்றைச் சொல்லும் பட்டகங்கள் சிகாகோவிலும் எருசலேமிலும் இருக்கின்றன. அதில் சனகெரிப் சொல்கிறான்: எசேக்கியாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்தேன், அவனையோ கூண்டுப் பறவையைப்போல எருசலேமுக்குள் அடைத்துவைத்தேன், 30 தாலந்து (தாலந்து என்பது பழங்கால எடை அளவு) பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் எனக்கு அனுப்பினான்.

இப்போது 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தில் 13 முதல் 16 வரை உள்ள நான்கு வசனங்களை எடுங்கள். அசீரியன் அரணான பட்டணங்களையெல்லாம் பிடித்தான் என்று அங்கேயும் இருக்கிறது. எசேக்கியா, தன் மேல்தான் குற்றம் என்று ஒப்புக்கொண்டு ஆள் அனுப்புகிறான். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் விதிக்கப்படுகிறது. அதைக் கட்டுவதற்கு, ஆலயக் கதவுகளில் தானே பதித்த பொன் தகடுகளைக் கழற்றிக் கொடுக்கிறான். பொன்னின் கணக்கு இரண்டிலும் ஒன்றே, வெள்ளியில்தான் வித்தியாசம். தோற்ற பக்கத்து எழுத்தர் தன் அரசனின் அவமானத்தை இப்படி எழுதிவைத்திருக்கிறார். ஆனால் இதே கதையை வரிக்கு வரி சொல்லும் ஏசாயா 36-ல் கப்பம் கட்டிய வசனங்கள் இல்லை. 2 நாளாகமம் 32-லும் இல்லை. நம் பாடங்களிலும் பிரசங்கங்களிலும் பெரும்பாலும் வருவது கப்பம் இல்லாத கதைதான்.

சரி, சனகெரிப் முழு உண்மையைச் சொன்னானா? கூண்டுப் பறவை என்கிறானே தவிர, கூண்டைத் திறந்து பறவையைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. எருசலேமைப் பிடித்திருந்தால் ஊரைக் கொளுத்தியதையும் அரசனைச் சங்கிலி போட்டு இழுத்துவந்ததையும் விரிவாக எழுதியிருப்பான். அசீரிய அரசர்களின் வழக்கம் அது. எதிர்த்து நின்ற எசேக்கியா சிம்மாசனத்திலேயே இருக்க, அசீரியன் ஊர் திரும்பினான். இதில் இரண்டு தரப்புக்கும் சண்டையே இல்லை. ஏன் திரும்பினான் என்பதில்தான் வேறுபாடு. கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்கிறது பைபிள். ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு கழித்து எழுதிய கிரேக்கர் ஹெரோடோட்டஸ், சனகெரிப்பின் படை எகிப்து எல்லையில் முகாமிட்டிருந்தபோது எலிகள் வந்து வில் நாண்களைக் கடித்துப் போட்டதாக எகிப்தியர் சொன்ன கதையைத் தருகிறார். சனகெரிப்போ கப்பம் வந்துசேர்ந்தது என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறான். அந்த இரவை நிரூபிக்கவோ மறுக்கவோ களிமண்ணால் முடியாது. அதை உங்கள் மகனும் ஒப்புக்கொள்ள வேண்டும், காணொளிக்காரரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. சனகெரிப் தன் தலைநகரான நினிவேக்குத் திரும்பினான், தன் குமாரர் கையால் வெட்டுண்டு செத்தான் என்று பைபிளில் அடுத்தடுத்த வசனங்களில் வருகிறது. படிப்பவர்கள் ஏதோ மறுமாதம் நடந்ததாக நினைத்துக்கொள்வார்கள். அவன் செத்தது கி.மு. 681-ல், அதாவது 20 வருடம் கழித்து. மகன் கையால் செத்தான் என்பதைப் பாபிலோனிய வரலாற்றுக் குறிப்பும் சொல்கிறது. சம்பவம் உண்மை. நடுவில் இருந்த இருபது வருடத்தை எழுத்தர் சுருக்கிவிட்டார், ஏனென்றால் அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது தேவனைத் தூஷித்தவனின் முடிவு. பழங்காலத்தில் வரலாறு எழுதியவர்கள் இப்படித்தான் எழுதினார்கள். சனகெரிப்பும் அப்படித்தான் எழுதவைத்தான்.

இந்தச் சண்டையில் எல்லோரும் மறந்துபோகும் ஊர் ஒன்று உண்டு. லாகீஸ். எருசலேமுக்கு அடுத்தபடி யூதாவின் பெரிய கோட்டை நகரம் அதுதான். சனகெரிப் அங்கே முகாமிட்டிருந்தான் என்பதைத் தவிர, அந்த ஊருக்கு என்ன ஆயிற்று என்று இராஜாக்களின் புத்தகம் சொல்லவில்லை. பட்டகத்தில் லாகீஸ் என்ற பெயரே இல்லை. ஆனால் நினிவே அரண்மனையில் ஓர் அறையின் சுவர் முழுக்க லாகீசின் வீழ்ச்சியைச் செதுக்கிவைத்தான். ஆங்கிலேயத் தொல்லியலாளர் லேயார்ட் 19-ஆம் நூற்றாண்டில் தோண்டியெடுத்த அந்தப் பலகைகள் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மதிலை இடிக்கும் பொறி மேட்டில் ஏறுகிறது. மேலிருந்து தீப்பந்தங்கள் விழுகின்றன. பொறி தீப்பிடிக்காமலிருக்க ஒரு வீரன் நீண்ட அகப்பையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். இன்னொரு பக்கம் கழுவில் ஏற்றப்பட்ட ஆண்கள். மூட்டைகளை ஏற்றிய மாட்டு வண்டியின் மேல் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து நாடுகடத்தப்படுகிறார்கள். அந்த முற்றுகை மேடு இன்றும் லாகீசில் இருக்கிறது. தோண்டியவர்களுக்கு நூற்றுக்கணக்கில் அம்பு முனைகளும் கவண்கற்களும் கிடைத்தன. எருசலேம் தப்பியதைப் பாடுகிறவர்கள் இந்த வண்டிகளையும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பைபிள் இவர்களுக்காக அழவேயில்லையா? அழுதிருக்கிறது, வேறு புத்தகத்தில். தீர்க்கதரிசி மீகா, லாகீஸ் இருந்த அதே தாழ்நாட்டைச் சேர்ந்த மொரேசா ஊர்க்காரர். முதலாம் அதிகாரத்தில் ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் புலம்புகிறார். அதில் லாகீசும் உண்டு. ஏசாயா 22-ஐயும் பாருங்கள். மதிலைப் பலப்படுத்த எருசலேமின் வீடுகளை எண்ணி இடித்தீர்கள், இதை ஆதியில் உண்டாக்கினவரை நோக்கவில்லை என்று தீர்க்கதரிசி ஏசாயா கடிந்துகொள்கிறார். பழைய எருசலேமில் 1970 வாக்கில் தொல்லியலாளர் நக்மன் அவிகாத் தோண்டியபோது 7 மீட்டர் அகலமான மதில் ஒன்று வெளிப்பட்டது. அது இடித்துத் தள்ளிய வீடுகளின் மேல்தான் எழுந்து நிற்கிறது. எசேக்கியா காலத்து மதில் என்றுதான் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். பைபிளுக்குத் தொல்லியல் சாட்சி வேண்டுமென்றால் எனக்கு இதுதான் பலமான சாட்சி. ஆனால் இது எருசலேமைக் கண்டித்த வசனத்துக்குக் கிடைத்த சாட்சி என்பதால் யாரும் இதைப் பரப்புவதில்லை.

சீயோன் வயலைப்போல உழப்படும் என்று மீகா எசேக்கியாவின் நாட்களில் சொன்னதை, நூறு வருடம் கழித்து தீர்க்கதரிசி எரேமியாவின் உயிரைக் காப்பாற்ற மூப்பர்கள் நினைவுபடுத்தினார்கள் (எரேமியா 26). அப்போது எருசலேமில் பலர் 701-ஐ நினைத்து, இந்த ஊர் ஒருபோதும் விழாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கி.மு. 586-ல் பாபிலோனியர் அதைச் சுட்டெரித்தார்கள்.

ஆகவே பிள்ளைகளிடம் பட்டகத்தைப் பற்றித் தாராளமாகச் சொல்லுங்கள், படத்தையும் காட்டுங்கள். நிரூபித்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். பத்து வருடம் கழித்து அவர்கள் உங்கள் மகனைப்போல் பாதியைப் படித்துவிட்டு வந்து உங்களையே கேட்பார்கள். பாடத்தில் விட்டுப்போன அந்த நான்கு வசனங்களிலிருந்து தொடங்குங்கள். அடுத்த வாரம் மீகா முதலாம் அதிகாரம். உங்கள் மகனையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். பட்டகத்தில் எழுதியிருப்பதை அவனே பிள்ளைகளுக்குப் படித்துச் சொல்லட்டும்.