ஓசி ஜிபியுவில் ஏ.ஐ. படம்: கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகள்

பதில்கள் எல்லாம் கூகுள் கோலாப், காகிள் இரண்டையும் மனதில் வைத்து எழுதியவை. ஜிபியு (படக் கணக்குகளை வேகமாகப் போடும் சிப்) உள்ள கணினியைப் பிரவுசர் வழியாக ஓட்டத் தரும் தளங்கள் இவை. கோடை ‘செல்’ என்ற பெட்டிகளில் எழுதி ஓட்டும் பக்கம்தான் நோட்புக். இலவசமாகத் தரும் அளவை இந்தத் தளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றும். அதனால் இதை நம்பி யாரிடமும் அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள்.

கோலாபில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் (சொன்னதைப் படமாக்கும் ஏ.ஐ. மாடல்) வெப் யுஐ (அதைப் பட்டன்களால் இயக்கும் வலைப்பக்கம்) போட்டால் சில நிமிடத்தில் துண்டித்துவிடுகிறது. யூடியூபில் மட்டும் நன்றாக ஓடுகிறதே?
*கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை*

பழைய வீடியோவாக இருக்கும். 2023 ஏப்ரல் முதல் இலவசக் கணக்கில் வெப் யுஐ-க்குக் கூகுள் கதவை மூடிவிட்டது. நோட்புக்கைப் பேருக்குத் திறந்து வைத்துவிட்டு வேலையை வேறொரு வலைப்பக்கம் வழியாக நடத்தக் கூடாது என்பது விதி. ஆட்டோமேட்டிக்1111, கம்ஃபியுஐ என்ற வெப் யுஐ இரண்டுமே இதில் மாட்டும். முதலில் எச்சரிக்கை வரும், பிறகு ரன்டைம் (உங்களுக்கு ஒதுக்கிய கணினி) போய்விடும். பெயரை மாற்றி ஒளித்து ஓட்டும் நோட்புக்குகளும், ஒன்றுக்கு நாலு ஜிமெயில் வைத்து மாற்றி மாற்றி நுழைவதும் விதிமீறல்தான். கணக்கே முடங்கினால் ட்ரைவில் இருப்பதற்கு யார் பொறுப்பு?

படம் உருவாக்குவதற்கே தடை என்று நினைக்க வேண்டாம். டிஃப்யூசர்ஸ் என்ற பைத்தான் லைப்ரரியை நோட்புக் செல்லிலேயே எழுதி ஓட்டலாம். ரன்டைம் மெனுவில் டி4 ஜிபியுவைத் தேர்ந்தெடுங்கள். டிஃப்யூசர்ஸ், டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஆக்சிலரேட் மூன்றையும் பிப் (பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவி) மூலம் நிறுவுங்கள். இவற்றுக்கு அடித்தளமான டார்ச் லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். பழைய பாடங்களில் வேகம் கூட்டும் எக்ஸ்ஃபார்மர்ஸும் நிறுவச் சொல்வார்கள். அது தனக்கேற்ற வேறு டார்ச் பதிப்பை இழுத்துவந்து எல்லாவற்றையும் குழப்பும். டார்ச் 2 வந்த பிறகு அதற்குத் தேவையும் இல்லை.

இன்னொரு பொறி: பழைய நோட்புக்குகள் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 மாடலை ‘ரன்வேஎம்எல்’ முகவரியிலிருந்து எடுக்கும். அந்தக் களஞ்சியம் 2024 ஆகஸ்டில் மாடல்களைப் பகிரும் ஹக்கிங்ஃபேஸ் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. ‘ரெபாசிட்டரி நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் உங்கள் கோடில் பிழை தேடாதீர்கள். அதே தளத்தில் மாடலின் பெயரிலேயே இருக்கும் நகலுக்கு முகவரியை மாற்றினால் போதும்.

மாடல் 7 ஜிபி என்கிறார்கள். போனில் எனக்கு ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான் கிடைக்கும். முடியுமா?
*அரியாங்குப்பம்*

தாராளமாக. அந்த 7 ஜிபி இறங்குவது கோலாபின் கணினியில். உங்கள் சிம்மில் இல்லை. உங்களுக்கு வருவது நோட்புக் பக்கமும், படம் ஒன்றுக்குச் சுமார் 2 எம்பியும்தான். மாடலைப் போனுக்கு இறக்கி மறுபடி ட்ரைவில் ஏற்றச் சொல்லும் வீடியோக்களைத் தாண்டிப் போங்கள்.

ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 10-க்கு 8 அடி பேனருக்கு ஏ.ஐ. பின்னணி போட்டால் உடைந்து தெரிகிறது. தமிழ் எழுத்தும் கிறுக்கலாக வருகிறது.
*மஞ்சக்குப்பம், கடலூர்*

இரண்டும் வெவ்வேறு கோளாறு. முதலில் அளவு. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பெரிய பதிப்பான எஸ்டிஎக்ஸ்எல் மாடல் 1024-க்கு 1024 பரப்பில் பயின்றது. நேரடியாக 4000 பிக்சல் கேட்டால் மெமரியும் போதாது, ஒரே கோபுரம் மூன்று தடவை முளைக்கும். 1152-க்கு 896 கேளுங்கள். 10-க்கு 8 விகிதத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். அதை ரியல்-ஈஎஸ்ஆர்கான் என்ற பெரிதாக்கும் கருவியில் நான்கு மடங்கு பெருக்கினால் 4608-க்கு 3584. ஓரத்தைச் சற்று வெட்டி 120 அங்குல அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 37 பிக்சல் வரும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்க்கும் பேனருக்கு இது போதும். கல்யாண மண்டப வாசலில் ஆள் ஒட்டி நின்று செல்ஃபி எடுக்கும் இடத்துக்குப் போதாது.

எழுத்தை மாடலிடம் கேட்கவே கேட்காதீர்கள். இந்த மாடல்களுக்குத் தமிழ் எழுத்து என்பது வெறும் கோலம்தான். பெரிதாக்கி முடித்த பிறகு, வழக்கம்போல் கோரல்ட்ராவில் எழுத்தைப் போடுங்கள். ப்ராம்ப்டையும் (என்ன வரைய வேண்டும் என்ற வர்ணனை) ஆங்கிலத்திலேயே கொடுங்கள். ப்ராம்ப்டைப் படிக்கும் இவற்றின் கிளிப் என்கோடர் ஒரு தடவைக்கு 75 டோக்கன் (சொல்துண்டு)தான் வாங்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் பைட் துண்டுகளாகச் சிதறுவதால் சில சொல்லிலேயே அது நிரம்பிவிடும், மிச்சம் வெட்டுப்படும்.

பிறந்தநாள் பேனருக்குத் தலைவர் முகத்தை ஏ.ஐ.யில் வரையச் சொல்லும் வாடிக்கையாளரும் வருவார். டீப்ஃபேக் செய்வதைக் கோலாப் விதிகள் தடுக்கின்றன. பின்னணி மட்டும் ஏ.ஐ., முகம் அவரே கொடுத்த போட்டோ என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை.

எஸ்டிஎக்ஸ்எல் ஏற்றும்போதே ‘செஷன் க்ராஷ்ட்’ என்கிறது. ஜிபியுவில் 15 ஜிபி காலியாக இருக்கிறதே?
*நெய்வேலி*

நிரம்பியது ஜிபியு மெமரி அல்ல, சாதாரண ரேம். இலவசக் கோலாபில் அது 12.7 ஜிபி அளவில்தான் இருக்கும். மாடல் முதலில் ரேமில் ஏறித்தான் ஜிபியுவுக்குப் போகும். ஃப்ளோட்32-இல் (எண் ஒன்றுக்கு 32 பிட்) ஏற்றினால் எஸ்டிஎக்ஸ்எல் மட்டுமே 13 ஜிபியைத் தொடும். அதனால் ‘வேரியன்ட்’ என்ற இடத்தில் எஃப்பி16 என்றும், ‘டார்ச் டிடைப்’ என்ற இடத்தில் ஃப்ளோட்16 என்றும் இரண்டையும் கொடுங்கள். இரண்டாவதை மட்டும் கொடுத்தால் பெரிய கோப்பு இறங்கி, அதற்குப் பிறகே சுருங்கும்.

30 ஸ்டெப்பும் (படத்தைத் தெளிவாக்கும் சுற்றுகள்) ஓடி முடித்துக் கடைசியில் ‘அவுட் ஆஃப் மெமரி’ வந்தால் குற்றவாளி மாடலின் விஏஇ என்ற பகுதி. படத்தைப் பிக்சலாக விரிக்கும் அந்த ஒரு கட்டத்தில்தான் மெமரி குபீரென்று ஏறும். துண்டு துண்டாக விரிக்கும் விஏஇ டைலிங்கைப் போட்டுவிடுங்கள். மாடலை மாற்றும்போது பழைய பைப்லைனை (மாடலை ஏற்றி ஓட்டும் தொகுப்பு) அழித்து, கார்பேஜ் கலெக்ட் செய்து (ரேமில் மிஞ்சியதைத் துடைத்து), கூடா கேஷையும் (ஜிபியுவில் மிஞ்சியது) காலி செய்யுங்கள். செல்லை மறுபடி ஓட்டினால் மட்டும் பழையது போகாது.

படம் முழுக் கறுப்பாக வருகிறது.
*திருப்பாதிரிப்புலியூர்*

1.5 மாடல் என்றால் ஆபாசப் படத்தைத் தடுக்கும் சேஃப்டி செக்கர் தவறாகச் சந்தேகப்பட்டிருக்கும். செல்லுக்கு அடியில் எச்சரிக்கை இருக்கும். ‘சீட்’ எண்ணை (படம் தொடங்கும் தற்செயல் எண்) மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும். எஸ்டிஎக்ஸ்எல் என்றால் அதன் விஏஇ ஃப்ளோட்16-இன் உச்சமான 65,504-ஐத் தாண்டி எண்ணே அல்லாத எண்ணைத் துப்பியிருக்கும். ‘எஸ்டிஎக்ஸ்எல் விஏஇ எஃப்பி16 ஃபிக்ஸ்’ என்ற திருத்திய விஏஇ-யை ஏற்றுங்கள்.

கரன்ட் போனால் எல்லாம் போகிறது. இரவு முழுக்க 200 படம் ஓட்ட வழி உண்டா?
*கடலூர் முதுநகர்*

கோலாபில் இல்லை. இலவசக் கணக்கில் பிரவுசரை மூடிவிட்டால் சும்மா இருக்கும் செஷனாகக் கணக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில் எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்த கோப்புகளும் போச்சு. ட்ரைவை மவுன்ட் செய்து ஒவ்வொரு படத்தையும் பிறந்தவுடனே அங்கே சேமித்தால் போனது போக மிச்சமாவது நிற்கும். ஜிமெயில், போட்டோஸ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான் என்பதால் மாடலை அங்கே வைக்காதீர்கள்.

இந்த வேலைக்குக் காகிள்தான். போன் நம்பரைச் சரிபார்க்கும்வரை ஜிபியுவும் இன்டர்நெட்டும் திறக்காது. அதை முதலில் முடியுங்கள். வலப்பக்க செட்டிங்ஸில் ‘ஜிபியு டி4 எக்ஸ்2’ போட்டு இன்டர்நெட்டை ஆன் செய்யுங்கள். நோட்புக்கை இரண்டே படத்துக்குச் சோதித்துவிட்டு, எண்ணிக்கையை 200 ஆக்கி ‘சேவ் வெர்ஷன்’ அழுத்தி ‘சேவ் அண்ட் ரன் ஆல்’ கொடுங்கள். அது காகிளின் கணினியில் தனியாக ஓடும். புயல் எச்சரிக்கை வந்து ஊரே இருட்டானாலும் அதற்குக் கவலையில்லை. ‘காகிள் / வொர்க்கிங்’ ஃபோல்டரில் 20 ஜிபிக்குள் இருப்பவை மட்டும் வெர்ஷனோடு சேமிக்கப்படும். மாடல் கேஷ் அதற்குள் விழாமல் பாருங்கள்.

ஜிபியு வாரத்துக்கு 30 மணி நேரம் என்ற அளவில்தான். சோதித்த நோட்புக்கை அணைக்காமல் விட்டால் ஒன்றும் வரையாமலே அந்த நேரம் கரையும். இரண்டு டி4 என்றால் 32 ஜிபி என்றும் நினைக்காதீர்கள். தனித்தனி 16, 16. ஒரு பைப்லைன் ஒன்றைத்தான் பிடிக்கும். 100 ப்ராம்ப்டை ஒன்றிலும் 100-ஐ இன்னொன்றிலும் ஓட்டினால்தான் இரண்டாவதால் லாபம்.

பலாப்பழ லேபிளுக்குப் படம் வேண்டும். என்ன எழுதினாலும் எங்கள் மரம் போல் இல்லை.
*பண்ருட்டி*

சொல்லிச் சொல்லி வரவழைப்பதைவிடக் காட்டிவிடுவது மேல். அடிமரத்தில் காய் தொங்கும் உங்கள் மரத்தையே போட்டோ எடுத்து ‘இமேஜ் டு இமேஜ்’ பைப்லைனில் கொடுங்கள். ‘ஸ்ட்ரெங்த்’ எண்தான் எல்லாம். 30 ஸ்டெப், ஸ்ட்ரெங்த் 0.4 என்றால் உண்மையில் ஓடுவது 12 ஸ்டெப். முள்ளின் நெருக்கமும் காம்பின் இடமும் அப்படியே இருக்கும். வண்ணமும் தீட்டலும் மாறும். 0.7-க்கு மேல் போனால் மாடல் தன் இஷ்டத்துக்கு ஒரு பழத்தை வரையும். 0.35-இல் தொடங்கி 0.05 ஆக ஏற்றுங்கள். சீட் எண்ணை மாற்றவே மாற்றாதீர்கள், இல்லையென்றால் எது எதனால் மாறியது என்று தெரியாது.

எங்கள் சுடுமண் குதிரைகளை மாடலுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா? விற்பனைப் பக்கத்தில் போட வேண்டும்.
*வில்லியனூர்*

முடியும், மாடலோடு சேரும் சிறு கோப்பை மட்டும் பயிற்றும் லோரா என்ற முறையில். 1.5 மாடலுக்கு ஒரு டி4 போதும். குதிரைகளை 15 முதல் 25 போட்டோ எடுங்கள். ஒரே திண்ணையில் எல்லாவற்றையும் எடுத்தால் மாடல் திண்ணையையும் சேர்த்துக் கற்கும். பிறகு எந்த ப்ராம்ப்டுக்கும் திண்ணை வரும். வெளிச்சம், பின்னணி, கோணம் மாறட்டும். 512-க்கு வெட்டி, டிஃப்யூசர்ஸில் இருக்கும் ட்ரீம்பூத் லோரா ஸ்க்ரிப்டை ரேங்க் 8, பேட்ச் 1, லேர்னிங் ரேட் 0.0001, 1000 ஸ்டெப் என்று தொடங்குங்கள். மிக்ஸ்ட் ப்ரிசிஷனில் எஃப்பி16 கொடுங்கள். பிஎஃப்16 என்ற இன்னொரு 16 பிட் வடிவத்துக்கு டி4-இல் வன்பொருள் ஆதரவு இல்லை. 250 ஸ்டெப்புக்கு ஒரு செக்பாயின்ட் வைத்தால், கடைசிப் பதிப்பு கெட்டிருந்தாலும் முந்தையதை எடுக்கலாம்.

ஆனால் விற்பனைப் பக்கத்துக்கு இதைப் போடாதீர்கள். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வாங்குபவர் கையில் வரும் குதிரையும் படத்துக் குதிரையும் ஒன்றாக இல்லையென்றால் பொருளைத் திருப்பி அனுப்புவார். உண்மையான போட்டோவில் குதிரையை மாஸ்க் செய்து, பின்னணியை மட்டும் இன்பெயின்டிங்கில் மாற்றுங்கள்.

ஃப்ளக்ஸ் என்ற ஏ.ஐ. மாடல் ஓடுமா? கடை வேலைக்குப் பயன்படுத்தலாமா?
*முத்தியால்பேட்டை*

முழு அளவில் ஓடாது. ஃப்ளக்ஸ்.1-க்கு 1200 கோடி பாராமீட்டர், 16 பிட்டில் அதுவே 24 ஜிபி. ப்ராம்ப்டைப் படிக்கும் டி5 என்கோடர் தனி. நான்கு பிட்டுக்குச் சுருக்கிய ஜிஜியுஎஃப் கோப்பை ரேம் அதிகமுள்ள காகிளில் முயலலாம், மெதுவாக வரும். உரிமத்தில் கவனம்: ‘ஷ்னெல்’ பதிப்பு அப்பாச்சி 2.0, வியாபாரத்துக்கு ஆகும். நான்கு ஸ்டெப்பிலேயே படம் தரும். ‘டெவ்’ பதிப்பு வணிகமல்லாத உரிமம். எஸ்டிஎக்ஸ்எல் சில பயன்பாட்டுத் தடைகளோடு வியாபாரத்துக்கு அனுமதிக்கிறது. பேனர் பின்னணிக்கு அதுவே போதும்.