நைட்டி தைத்து விற்பவருக்கு ஜிஎஸ்டி வேண்டுமா?

கேள்வி: கடலூரில் வீட்டிலேயே நைட்டி தைத்து விற்கிறேன். வருஷத்துக்கு நாலு லட்சம் ரூபாய் வியாபாரம். தொழில் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் கேட்டால், வங்கியில் ஜிஎஸ்டி நம்பர் கேட்கிறார்கள். கம்பெனிப் பதிவு, உதயம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா.

நீங்கள் ஒருவரே நடத்தும் தொழிலுக்குக் கம்பெனிப் பதிவு தேவையே இல்லை. உங்கள் பான்தான் தொழிலுக்கும் பான். லாபத்தை உங்கள் வருமான வரிக் கணக்கிலேயே காட்டிக்கொள்ளலாம்.

உதயம் சான்று மட்டும் எடுங்கள். சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவுச் சான்று அது. ஆதார், பான், ஆதாரோடு இணைத்த செல்போன் இருந்தால் ஆயிற்று. கட்டணமே இல்லை, புதுப்பிக்கவும் வேண்டாம். ஆனால் இணையத்தில் தேடினால், அரசுத் தளம் போலவே வேஷம் கட்டிய தனியார் தளங்களும் வந்து நிற்கும். முகவரி ‘கவ் டாட் இன்’ (gov.in) என்று முடிகிறதா பாருங்கள். பணம் கேட்டால் அது அரசுத் தளமே அல்ல. இலவசச் சான்றுக்கு ஏழைகளிடம் காசு பறிக்கும் இந்தத் தளங்களை இன்னும் விட்டுவைத்திருப்பது அநியாயம்.

ஏஜென்டிடம் போனால் இன்னொரு ஆபத்து. விண்ணப்பத்தில் தன் செல் நம்பரையும் ஈமெயிலையும் போட்டுவிடுவார். நாளைக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தால் அவருக்குத்தான் போகும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. பாஸ்வேர்டு கேட்டால் அதற்கும் ஒரு தொகை சொல்வார். யார் பதிவு செய்தாலும் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஜிஎஸ்டி? தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் கட்டாயம். வீணாக எடுத்தால், விற்பனையே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய் ஏறும்.

நீங்கள் மாட்டக்கூடிய இடம் ஒன்று உண்டு: பாண்டிச்சேரி. கடலூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர். சட்டத்துக்கு வேறு பிரதேசம். வாட்ஸ்அப் ஆர்டர் வந்து ஒரே ஒரு நைட்டியைப் பாண்டிக்குக் கூரியரில் அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. அதற்கு 40 லட்சக் கணக்கு செல்லாது. ஜிஎஸ்டி எடுத்தே ஆக வேண்டும். விழுப்புரத்துக்கு அனுப்பலாம், கன்னியாகுமரிக்கும் அனுப்பலாம், பாண்டிக்கோ வேறு மாநிலத்துக்கோ கூடாது. ஆர்டர் எடுக்கும்போதே பின்கோடு கேளுங்கள்.

வங்கி விஷயம். ரிசர்வ் வங்கி ஏற்கும் ஆவணங்களில் ஜிஎஸ்டியும் ஒன்று, அவ்வளவுதான். பொதுவாக இரண்டு கேட்பார்கள். உதயம் சான்றோடு, இந்தத் தொழில் வருமானம் காட்டிய முழு வருமான வரிக் கணக்கைக் கொடுங்கள். அதற்கும் ‘ஜிஎஸ்டி இல்லாமல் முடியாது’ என்றால் மேனேஜருக்கு எழுதிக்கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அதற்கும் கட்டணம் இல்லை.