துப்பாக்கியும் சோவியத்தும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வன்முறைப் புரட்சி எதுவும் சாதாரண மக்களிடம் அதிகாரத்தைக் கொடுத்ததில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். நான் முப்பது வருடம் நூற்பாலையில் சங்க வேலை பார்த்தவன். கேட்டவுடன் கொடுத்த முதலாளியைப் பார்த்ததில்லை. ரஷ்யாவில் தொழிலாளி ஆயுதம் எடுத்ததால்தானே ஜார் போனான்? அப்புறம் வந்த அடக்குமுறையெல்லாம் உள்நாட்டுப் போர் திணித்தது. அதைச் சொல்லாமல் விட்டது நியாயமா?

மு.

அன்புள்ள மு.,

ஜார் போனதிலிருந்தே தொடங்குகிறேன். 1917 மார்ச் 8 அன்று அப்போதைய தலைநகர் பெத்ரோகிராடில் முதலில் வேலையை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தவர்கள் உங்களைப் போல ஆலைக்காரர்கள்தான், நெசவாலைப் பெண்கள், ரொட்டிக்கு வரிசையில் நின்று நின்று பொறுமை இழந்தவர்கள். ரத்தம் சிந்தத்தான் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆட்சி ஆட்டம் கண்டது நாலு நாள் கழித்து, கூட்டத்தைச் சுட அனுப்பிய சிப்பாய்களே மாட்டோம் என்று கூட்டத்தோடு சேர்ந்துகொண்டபோது. அடுத்த சில மாதங்கள் தொழிலாளி கையில் நிஜமாகவே அதிகாரம் இருந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன்: ஆலைக் குழுக்கள், சிப்பாய்க் குழுக்கள், சோவியத்துகள் என்ற பிரதிநிதிகள் மன்றங்கள், பிரதிநிதி சரியில்லை என்றால் திருப்பி அழைக்கும் உரிமை. கிராமங்களில் விவசாயிகள் பண்ணை நிலத்தைத் தாங்களே பிரித்துக்கொண்டார்கள். நான் "எதுவும்" என்று எழுதியது அவசரம், ஒப்புக்கொள்கிறேன்.

போர் திணித்தது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. லெனினின் போல்ஷ்விக் கட்சி 1917 நவம்பரில் ஆயுதத்தால் ஆட்சியைப் பிடித்தது, அதன் ரகசியப் போலீசான செக்கா டிசம்பரிலேயே வந்துவிட்டது. நவம்பர் தேர்தலில் போல்ஷ்விக்குகளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய கால் பங்கு வாக்கு, அப்படித் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபையை 1918 ஜனவரியில் ஒரே ஒரு அமர்வோடு மூடிவிட்டார்கள். உள்நாட்டுப் போர் பெரிதாக மூண்டது அதற்கப்புறம்.

சரி, போர் ஓய்ந்தபிறகு? போல்ஷ்விக்குகளை எதிர்த்த வெள்ளைப் படையின் தளபதி ரேங்கல் 1920 நவம்பரிலேயே கிரிமியாவை விட்டுக் கப்பலேறிவிட்டார். 1921 பிப்ரவரியில் பெத்ரோகிராட் ஆலைகளில் மறுபடி வேலைநிறுத்தம், மறுபடி ரொட்டிக்காக. பக்கத்தில் க்ரோன்ஸ்டாட் தீவுக் கோட்டையில் மாலுமிகள் கூடித் தீர்மானம் போட்டார்கள், 1917இல் புரட்சியின் பெருமை என்று போல்ஷ்விக் தலைவர் ட்ராட்ஸ்கி புகழ்ந்த அதே க்ரோன்ஸ்டாட். சோவியத்துகளுக்கு ரகசிய வாக்கெடுப்பில் புதுத் தேர்தல், தொழிலாளிக்கும் விவசாயிக்கும் பேச்சுரிமை, சிறையில் இருக்கும் சோஷலிஸ்டுகளுக்கு விடுதலை, எல்லோருக்கும் ஒரே ரேஷன், கிராமத்திலிருந்து உணவு கொண்டுவருபவர்களை வழிமறிக்கும் படைகளைக் கலைப்பது. இதில் எது எதிர்ப்புரட்சி, சொல்லுங்கள். உங்கள் சங்கத்தில் செயலாளர் சரியில்லை என்றால் பொதுக்குழுவைக் கூட்டி மாற்றியிருப்பீர்கள், அவர்கள் கேட்டதும் அதைத்தான்.

ஆயுதத்தால் பிடித்த ஆட்சியில் கடைசியில் ஆயுதம் யார் பொறுப்பில் தங்குகிறது, அவரை வாக்குப் போட்டு இறக்க முடியுமா என்பதை மட்டும்தான் நான் பார்க்கிறேன். க்ரோன்ஸ்டாடில் முடியவில்லை. மார்ச் 7இல் பீரங்கித் தாக்குதல் தொடங்கியது, 17ஆம் தேதி செஞ்சேனைத் தளபதி துகாசெவ்ஸ்கியின் படை உறைந்த கடல்மேல் நடந்துவந்து கோட்டைக்குள் நுழைந்தது. ஏறத்தாழ எட்டாயிரம் பேர் அதே பனிக்கட்டிமேல் ஃபின்லாந்துக்குத் தப்பினார்கள், பிடிபட்ட பலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களிலேயே மாஸ்கோவில் கூடிய கட்சியின் பத்தாவது மாநாடு தானியப் பறிமுதலைக் கைவிட்டு அதை வரியாக மாற்றியது, ஆனால் ரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கையைத் தொடவே இல்லை, கட்சிக்குள் அணி சேரவும் தடை போட்டது.