பழைய பதிவு, புதிய வேலை: பாங்காக் திரும்பலாமா?

கேள்வி: எனக்கு ஊர் காயல்பட்டினம். 2015 முதல் 2018 கடைசி வரை பாங்காக் சீலோம் பகுதியில் ஒரு ரத்தினக்கல் நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். அது ராணுவ ஆட்சிக் காலம். ஜெனரல் பிரயுத் அரசின் பொருளாதாரக் கொள்கையைத் திட்டி ஃபேஸ்புக்கில் தமிழில் நிறைய எழுதினேன். நீர்மூழ்கிக் கப்பல், ஏழைகள் அட்டை, 44-வது பிரிவு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கிளம்பும்போது விசா முடிந்து 20 நாள் கூடுதலாகத் தங்கிவிட்டேன், விமான நிலையத்தில் அபராதம் கட்டினேன். இப்போது பழைய முதலாளி மறுபடி கூப்பிடுகிறார். இங்குள்ள ஏஜெண்டோ, "உங்கள் பெயர் ராணுவத்தின் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது. 60,000 ரூபாய் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன். அதுவரை டூரிஸ்ட்டாகப் போய் வேலையை ஆரம்பியுங்கள்" என்கிறார். என்ன செய்வது? பதிவுகளை அழித்துவிடலாமா?

பதில்: 60,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியது அரசின் கொள்கையைப் பற்றி மட்டும்தான் என்றால் தாராளமாகப் போகலாம். அந்த "மட்டும்தான்" என்பதை மட்டும் சரிபார்க்க வேண்டும், அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். டூரிஸ்ட்டாகப் போய் வேலை பார்ப்பது கூடவே கூடாது.

முதலில் அந்தப் பட்டியல். அதை எங்கே பார்த்தார் என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். தாய்லாந்தின் நுழைவுத் தடைப் பட்டியல் அந்த நாட்டுக் குடிவரவுக் காவல்துறையின் கணினியில் இருக்கிறது. இங்கே மாடியில் ஒரு அறை எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டியவருக்கு அது தெரிய வழியில்லை. காசு வாங்கிக்கொண்டு பெயரை அழிக்கும் கவுண்டரும் அங்கே கிடையாது. இல்லாத பெயரை நீக்கித் தருவதைப் போலச் சுலபமான தொழில் வேறில்லை. நீங்கள் சிக்கலில்லாமல் உள்ளே போனால் "என்னால்தான்" என்பார், சிக்கல் வந்தால் போனை எடுக்க மாட்டார். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2014 மே 22-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவக் கவுன்சில், விமர்சகர்களைக் கூப்பிட்டு, ஏழு நாள் வரை முகாமில் வைத்து, "மனப்போக்கைச் சரிசெய்து" அனுப்பிக்கொண்டிருந்தது. பொருளாதாரம் பேசியவர்களையும் விடவில்லை. முன்னாள் எரிசக்தி அமைச்சர் பிச்சாய் நரிப்தபன், பொருளாதாரம் படுத்துக் கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லியே பலமுறை அழைக்கப்பட்டார். 2015 செப்டம்பரில் பிடித்தும் வைத்தார்கள். அதே மனிதர் 2024-ல் வர்த்தக அமைச்சரானார். இப்படிக் கூப்பிட்டு மிரட்டிய கவுன்சில் 2019 ஜூலையில் கலைந்துவிட்டது. 1,350 கோடி பாட் (தாய்லாந்து நாணயம்) கொடுத்து ஒரு நீர்மூழ்கி எதற்கு, ஏழைக்கு மாதம் 200, 300 பாட்டை அட்டையில் போட்டுக் குறிப்பிட்ட கடையில்தான் வாங்கு என்பது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்டதற்காக இன்று உங்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை. அந்த ஊர்ப் பத்திரிகைகளே அப்போது கேட்ட கேள்விகள்தான் இவை.

ஆனால் அந்த ஆட்சி விட்டுப்போன குழப்பம் இன்னும் தீரவில்லை, ஏஜெண்டுகளுக்கு அதுவே மூலதனம். இடைக்கால அரசியல் சாசனத்தின் 44-வது பிரிவு என்றால் கவுன்சில் தலைவர் ஒருவர் கையெழுத்துப் போட்டாலே சட்டம். 2016 டிசம்பரில் ஒரு கையெழுத்தில் சாத்ரி தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதை நடத்திய ஆஸ்திரேலிய நிறுவனம் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது, கடைசியில் 2023-ல் சுரங்கம் மறுபடி திறந்தது. 2017 ஜூனில் வெளிநாட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தபோது நீங்கள் அங்கே இருந்திருப்பீர்கள். பர்மிட் இல்லாத ஆளை வைத்தால் தலைக்கு 4 முதல் 8 லட்சம் பாட் அபராதம் என்றார்கள். ஆயிரக்கணக்கான மியான்மர், கம்போடியத் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதும், இரண்டு வாரத்துக்குள் 44-வது பிரிவை வைத்தே முக்கியத் தண்டனைகளை ஆண்டு இறுதிவரை நிறுத்திவைத்தார்கள். போதாததற்கு 2017 அரசியல் சாசனத்தின் 279-வது பிரிவு, ரத்தாகாத கவுன்சில் உத்தரவுகள் எல்லாம் செல்லும் என்கிறது. எது உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போனது என்று வழக்கறிஞரே கோப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டிய நாட்டில் சாதாரண ஆள் ஏஜெண்டை நம்பாமல் என்ன செய்வார்?

சட்டக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவதூறு என்றால் பாதிக்கப்பட்டவர் விஷயம் தெரிந்த 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொது விஷயத்தில் நல்லெண்ணத்தோடு சொன்ன நியாயமான கருத்துக்கு விலக்கும் உண்டு. கணினிக் குற்றச் சட்டத்திலோ கிளர்ச்சியைத் தூண்டியதாகவோ வழக்குப் போடும் காலம் பொதுவாக 10 ஆண்டில் முடிந்துவிடும். எனவே 2015-ல் எழுதியது முடிந்த கதை, 2018-ல் எழுதியது 2028 வரை காகிதத்தில் இருக்கும். தமிழில் எழுதிய கொள்கை விமர்சனத்துக்காக யாரும் அதைத் தூசி தட்டப் போவதில்லை.

இனி அந்த ஒரு விஷயம். குற்றவியல் சட்டத்தின் 112-வது பிரிவு, மன்னரையோ அரசியையோ வாரிசையோ ஆட்சிப் பிரதிநிதியையோ இழிவுபடுத்துவதைப் பற்றியது. ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை, 15 ஆண்டு வரை வழக்குப் போடலாம். புகார் கொடுக்க அரண்மனை வர வேண்டாம், தெருவில் போகிற யாரும் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருந்து எழுதினாலும் பொருந்தும். 2020 நவம்பரிலிருந்து 270-க்கும் மேற்பட்டவர்கள் மீது இந்தப் பிரிவில் வழக்கு இருக்கிறது.

"நான் பொருளாதாரம்தானே எழுதினேன்" என்பீர்கள். அங்கேதான் வழுக்கும். 2016 அக்டோபரில் மன்னர் பூமிபோல் மறைந்தபோது நீங்கள் பாங்காக்கில் இருந்தீர்கள். துக்கக் காலத்தில் வியாபாரம் படுத்தது, ஓராண்டு கழித்து நடந்த இறுதிச் சடங்கின் செலவு என்று ஏதாவது எழுதினீர்களா? மறைந்தவர்தானே என்று நினைக்காதீர்கள், 2013-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் பழைய மன்னருக்கும் இந்தப் பிரிவைப் பொருத்தியது. அரச சொத்து நிர்வாகச் சட்டம் 2017, 2018-ல் மாறியபோது ஏதாவது? 2021-ல், கலைக்கப்பட்ட எதிர்க்கட்சி ஒன்றின் முன்னாள் தலைவர் தனதோர்ன், கொரோனா தடுப்பூசிக் கொள்முதலை விமர்சித்தார். தடுப்பூசி தயாரித்த நிறுவனம் மன்னருக்குச் சொந்தமானது என்பதால் அது 112 வழக்கானது.

நீங்களே எழுதியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. மாணவர் தலைவர் ஜதுபத், புதிய மன்னரைப் பற்றிய பிபிசி தாய் கட்டுரையை 2016 டிசம்பரில் பகிர்ந்தார், இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு ஒரு போராட்டக்காரரின் தாய், ஃபேஸ்புக் உரையாடலில் வந்த செய்திக்கு "ம்" போல ஒற்றைச் சொல்லில் பதில் போட்டதற்காக வழக்கில் சிக்கினார். விடுதலையாக 2020 டிசம்பர் ஆனது. 2025 ஏப்ரலில் அமெரிக்கப் பேராசிரியர் பால் சேம்பர்ஸ் மீது ராணுவமே புகார் கொடுத்தது, அதுவும் ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த சில வரிகளுக்காக. அவற்றைத் தான் எழுதவில்லை என்றார். வழக்கு வேண்டாம் என்று அரசு வழக்கறிஞர்கள் முடிவெடுத்தார்கள். ஆனாலும் விசா ரத்தாகி, வேலையும் போய், அவர் நாட்டை விட்டுக் கிளம்பினார். வெளிநாட்டுக்காரரைப் பொறுத்தவரை வழக்கில் ஜெயித்தாலும் வாழ்க்கை போய்விடுகிறது.

ஆகவே கொள்கைப் பதிவுகள் அப்படியே இருக்கட்டும். அரண்மனை வருகிற பதிவு, பகிர்வு, லைக், உங்கள் பதிவுக்குக் கீழே மற்றவர்கள் போட்ட கருத்து எல்லாவற்றையும் நீங்களே உட்கார்ந்து தேடுங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டால் குற்றம் இல்லாமல் போகாது, ஆனால் கண்ணில் படுவது குறையும். கடுமையாக ஏதாவது இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன் தாய்லாந்து வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள், ஏஜெண்டிடம் காட்டாதீர்கள். இன்று காட்டுவது நாளை உங்களை மிரட்டப் பயன்படும்.

அந்த 20 நாளைப் பற்றி ஏஜெண்ட் ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள், உண்மையான தடைப் பட்டியல் விதி அதில்தான் இருக்கிறது. 2016 மார்ச் முதல், 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கிவிட்டுத் தானாகக் கிளம்பினாலே ஓராண்டிலிருந்து பத்தாண்டு வரை தடை. உங்களுக்கு 20 நாள்தான், தானாகவும் கிளம்பியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு 500 பாட் வீதம் அபராதத்தோடு அது முடிந்தது. ரசீது இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

டூரிஸ்ட்டாகப் போய் வேலை பார்த்துப் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் அபராதம், நாடு கடத்தல், இரண்டாண்டுக்குப் புதிய பர்மிட் கிடையாது. ஏஜெண்டுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. இதே "முதலில் டூரிஸ்ட்டாகப் போங்கள்" என்ற பேச்சை நம்பித்தான் நம் பையன்கள் பாங்காக்கில் இறங்கி, எல்லையூரான மே சோட் வழியாக ஆற்றைக் கடந்து, மியான்மரின் மியாவடியில் உள்ள இணைய மோசடிக் கூடங்களில் மாட்டிக்கொண்டார்கள். உங்களுக்கு முதலாளி தெரிந்தவர், அதனால் அந்தப் பயம் இல்லை. அப்படியென்றால் நடுவில் ஏஜெண்ட் எதற்கு? இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவரே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாளிக்கு இன்றே எழுதுங்கள். வேலை அழைப்புக் கடிதம், நிறுவனப் பதிவுச் சான்று, தொழிலாளர் துறையின் முன்அனுமதி மூன்றும் வேண்டும். அவற்றை வைத்து வேலைக்கான நான்-இமிகிரண்ட் பி விசாவுக்கு இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பொதுவாக ஒரு வெளிநாட்டு ஊழியருக்கு 20 லட்சம் பாட் மூலதனமும் 4 தாய் ஊழியர்களும் கணக்கில் இருக்க வேண்டும். உங்கள் முதலாளிக்கு அது இருக்கிறதா என்பதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் பர்மிட் வராது, "அதையும் முடித்துத் தருகிறேன்" என்று இன்னொரு ஏஜெண்ட் வருவார்.