மாத்திரை போட்டால் குழந்தை தங்காதா?

கேள்வி: எனக்கு 26 வயது, பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் சினைமுட்டை ஒழுங்காக வெளிவராத பிரச்சினை) இருக்கிறது. முன்பெல்லாம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ் வரும். டாக்டர் சொல்லி ஒன்றரை வருடமாகக் கருத்தடை மாத்திரை, 21 நாள் போட்டு 7 நாள் விடுகிறேன், இப்போது மாதாமாதம் டாண் என்று வருகிறது. தை மாதம் கல்யாணம். "இதைப் போட்டா கர்ப்பப்பையே சுருங்கிடும்" என்கிறார் பெரியம்மா. நிறுத்திவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், கரூர்.

பதில்: கர்ப்பப்பை சுருங்காது, பெரியம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். மாத்திரை போடும்வரை சினைமுட்டை வெளிவராது, அவ்வளவுதான். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதத்தில் முட்டை வர ஆரம்பித்துவிடும், ஒரு வருடக் கணக்கில் பார்த்தால் மாத்திரையே தொடாதவர்களுக்கும் இவர்களுக்கும் கரு தங்குவதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஆனால் டாண் என்று வருகிறது என்கிறீர்களே, அது அந்த 7 நாள் இடைவெளியில் ஹார்மோன் குறைவதால் வரும் ரத்தப்போக்கு. பிசிஓஎஸ் உள்ளே அப்படியேதான் இருக்கிறது. நிறுத்தியதும் பழையபடி நாள் தள்ளிப்போகலாம், உடனே பழி மாத்திரை மேல் விழும் (வாரத்துக்கு ஒரு குடும்பமாவது இந்தச் சண்டையோடு என்னிடம் வருகிறது). உண்மையில் அது உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது: மாதக்கணக்கில் பீரியட்ஸ் வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்து, பின்னாளில் புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

சரி, நிறுத்துவதா வேண்டாமா? குழந்தை எப்போது என்று முதலில் இருவரும் பேசி முடிவெடுங்கள். தள்ளிப்போடுவதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுத் தொடரலாம். பிபி, கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டிய பிரச்சினை, இவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உடனே வேண்டுமென்றால் நிறுத்திவிட்டு, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் போடுங்கள். மூன்று மாதமாகியும் பீரியட்ஸ் ஒழுங்காகவில்லையா, மற்றவர்கள்போல் ஒரு வருடம் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள், முட்டை வரவைக்க லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி பக்கம் மட்டும் இப்போது போகாதீர்கள். அது நிரந்தரமாகக் கெடுக்காது, ஆனால் நிறுத்திய பிறகு கரு தங்க ஒரு வருடம்கூட ஆகலாம்.

அப்புறம், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்ந்து வலி தரும் நோய்) உள்ள வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை வலியை அடக்கும், கரு தங்கும் வாய்ப்பைக் கூட்டாது. குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த பிறகும் "இன்னும் ஆறு மாசம் போடுவோம்" என்று நாளைக் கடத்த வேண்டாம்.