வாசகர் கேள்வி: பள்ளத்தைப் பார்க்க டிக்கெட்

கேள்வி: அமெரிக்காவில் உங்கள் மனதில் நின்ற ஊர் எது? நியூயார்க் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பியூட். மொன்டானா மாநிலத்து மலையூர், மக்கள்தொகை சுமார் 34,000. மகளும் மாப்பிள்ளையும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போகும் வழியில் ஒரு ராத்திரி தங்கினோம். 'இங்கே எதற்கு?' என்று முகம் சுளித்தது நான்தான்.

காலையில் தனியாக நடந்தேன். தெருப் பெயர்களைப் பாருங்கள்: குவார்ட்ஸ், கிரானைட், கலீனா, மெர்க்குரி, பிளாட்டினம், அலுமினியம். வழி தவறி கெமிஸ்ட்ரி லேபுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. வீடுகளுக்கு நடுவே நெடுநெடுவென்று கறுப்பு இரும்புச் சட்டங்கள். தாமிரச் சுரங்கங்களில் ஆட்களையும் தாதுவையும் ஏற்றி இறக்கியவை. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'தூக்குமரம்'. பார்க்கவும் அப்படித்தான், நடந்ததும் அப்படித்தான். 1917 ஜூன் 8 அன்று, சுரங்கத்துக்குள் இறக்கிய மின்கேபிளின் எண்ணெய்த் துணி உறையில் ஒருவர் கையிலிருந்த கார்பைடு விளக்கின் சுடர் பட்டது. 168 பேர் செத்தார்கள்.

அப்புறம் அந்தப் பள்ளம், பெர்க்லி பிட். தாமிரத்துக்காக 1955-ல் திறந்தவெளியில் வெட்ட ஆரம்பித்தார்கள். அது அகல அகல, இத்தாலியர்கள் வாழ்ந்த மீடர்வில் பேட்டையே உள்ளே போய்விட்டது. 1982-ல் வெட்டுவதை நிறுத்தினார்கள். அடியிலிருந்து நீர் இறைத்த பம்புகளையும் நிறுத்தினார்கள். ஊறிய தண்ணீர் பாறையின் கந்தகத் தாதோடு சேர்ந்து அமில ஏரியாகிவிட்டது. 1995 நவம்பரில் அதில் இறங்கிய பனி வாத்துகளில் 342 செத்து மிதந்தன. இப்போது பறவை வந்தால் சத்தம் போட்டு விரட்டுகிறார்கள். 2019 முதல் தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்து வெளியே விடுகிறார்கள்.

இதைப் பார்க்கத்தான் டிக்கெட்! குகை மாதிரி ஒரு வழியில் நடந்து போனால் மேடை. கீழே கலங்கிய தண்ணீர், அசைவே இல்லை. வேறு ஊராக இருந்தால் சுவர் எழுப்பி மறைத்திருப்பார்கள். எனக்கு ஊரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

கேள்வி: அங்கே என்ன சாப்பிட்டீர்கள்?
– ஒரு வாசகர், தேனி

பாஸ்டி. நம் சோமாசியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளங்கையை விடப் பெரிது. உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிகள் கொண்டுவந்த பண்டம். பாதாளத்தில் தட்டில்லாமல் கையில் பிடித்துத் தின்னத் தோது. கடையில் மேலே குழம்பு ஊற்றித் தருகிறார்கள், அப்புறம் கையால் எங்கே தின்பது? நான் ஒன்றரை சாப்பிட்டேன். மனைவி வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

கேள்வி: சுரங்கம் போனபின் அந்த ஊரில் என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகர், சேலம்

முழுக்கப் போகவில்லை. பெரிய பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பள்ளத்தில் இன்றும் தாமிரம் எடுக்கிறார்கள். 1900-ல் சுரங்கக் கல்விக்காகத் தொடங்கிய கல்லூரியும் இருக்கிறது. மலை உச்சியில் 90 அடி மாதா சிலை. வேலை பறிபோன அந்த வருஷங்களில் ஊர்க்காரர்களே தன்னார்வத்தில் செய்து, 1985 டிசம்பரில் ஹெலிகாப்டரில் தூக்கி வைத்தது. முதல் நாள் ராத்திரி விடுதி ஜன்னலிலிருந்து அந்தச் சிலையின் வெளிச்சத்தைப் பார்த்து, செல்போன் டவர் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். இதை மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை.