ஈரக் கொடிக்கயிறும் காந்த அலையும்

அன்புள்ள ஐயா,

நான் இயற்பியல் முதுகலை மாணவன். பிளாஸ்மாவில், அதாவது மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த வாயுவில், காந்த அலைகளைச் சோதனைச்சாலையில் ஆராய விரும்புகிறேன். கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனையே பார்த்துவரும்போது, குழாய்க்குள் அதற்கொரு நகல் செய்து என்ன காணப்போகிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எந்த நிறுவனத்தில் சேரலாம்?

க.

அன்புள்ள க.,

நிறுவனத்தை உங்கள் பேராசிரியர் சொல்வார். 'நகல்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. நண்பர்களின் பேச்சை மறுக்காமல் அப்படியே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். முதுகலை படிப்பவர் செய்யக்கூடியதா இது?

மின்கடத்தும் பாய்மத்தில் காந்தப்புலக் கோடுகள் இழுத்துக் கட்டிய கயிறுபோல் அதிரும் என்று சுவீடன் இயற்பியலாளர் ஆல்வேன் 1942-இல் எழுதினார்; அந்த அதிர்வுதான் ஆல்வேன் அலை. 1949-இல் லுண்ட்குவிஸ்ட் அதைப் பாதரசத்தில் சோதித்தார். பாதரசத்தின் மின்தடை அலையை விரைவிலேயே தின்றுவிட்டது. 1954-இல் லேனர்ட் உருகிய சோடியத்துக்குப் போனார். பாதரசமும் சோடியமும் சூரியனின் நகலா? அவர்கள் தேடியது விதியை.

அந்த விதியை நான் முதலில் கண்டது கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில், எங்கள் வீட்டுப் பின்கட்டில், இரண்டு பேரிக்காய் மரங்களுக்கு நடுவே அம்மா கட்டியிருந்த கொடியில். மார்கழிக் காலையில் துணி போடுமுன் அம்மா கயிற்றை ஒரு முனையில் சுண்டுவார்; புடைப்பு ஒன்று நகர்ந்து போக, அதன் பின்னாலேயே பனித்துளிகள் வரிசையாக உதிரும். நனைந்த கயிற்றில் அதைக் கண்ணால் பின்தொடர முடியும்; மத்தியானம் காய்ந்த கயிற்றில் முடியாது. இழுவை மாறாமல் எடை நான்கு மடங்கானால் வேகம் பாதியாகும். ஆல்வேன் அலைக்கும் அதே கணக்குத்தான்: இழுவையைக் காந்தப்புலம் தருகிறது, எடையைப் பிளாஸ்மாவின் அடர்த்தி தருகிறது. கொடியில் உண்மையான விதி சூரியனிலும் உண்மையாக இருப்பதை நகல் என்று சொல்வது, அம்மாவின் கொடியையும் சூரியனையும் ஒருசேர அவமதிப்பதாகும்.

தொலைநோக்கியை நான் குறைத்துச் சொல்லவில்லை. சூரியப்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் இதே மலையில்தான் கண்டார். ஆனால் சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரியாக இருக்க, அதற்கு மேலுள்ள ஒளிவட்டம் (கொரோனா) பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுவது ஏன், அந்த வெப்பத்தில் இந்த அலைகளின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், பார்வைக்கோடு முழுவதும் கலந்து வரும் ஒளியை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். காந்தப்புல மாற்றத்தை அளக்கும் கம்பிச்சுருளை அங்கே நுழைக்க முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் சோதனைச்சாலை ஒன்றில், ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள கலத்தில், நொடிக்கு ஒருமுறை பிளாஸ்மாவை உண்டாக்கி, விரல்நுனியளவுச் சுருளை இம்மி இம்மியாக நகர்த்தி, அலை எங்கே வளைகிறது, எங்கே மெலிகிறது என்று புள்ளி புள்ளியாக வரைகிறார்கள்.

விடுமுறையில் கொடைக்கானலுக்கு வாருங்கள், தம்பி. விடியுமுன் வில்பட்டிக்குப் போவோம். நிறுத்துக்கடிகாரத்தை மறக்காதீர்கள்.